நிரலாக்கம் புதிதாகக் கற்க எந்தப் படிப்பை எடுப்பது?

கேள்வி: மாலைநேரம்

வணக்கம். நிரலாக்கத்தில் அனுபவம் எதுவும் இல்லை. மாதாமாதம் ஒரே அமைப்பில் வரும் பல எக்செல் கோப்புகளைத் திறந்து, சில நெடுவரிசைகளை மட்டும் எடுத்து, ஒரே அறிக்கையாகச் சேர்க்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் முதல் நோக்கம். பிடித்துப்போனால் மேற்கொண்டு படிப்பேன்.

நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். ஆங்கிலம் வாசித்தால் புரியும், வேகமாகப் பேசினால் பிடிபடாது. இருப்பது விண்டோஸ் மடிக்கணினி.

மூன்று படிப்புகளைக் குறித்து வைத்திருக்கிறேன்: ஹார்வர்டின் சிஎஸ்50, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் பைத்தான் நிரல்மொழிப் படிப்பு, 60 மணி நேரம் ஓடும் கட்டணக் காணொளித் தொகுப்பு ஒன்று. எதை எடுக்கலாம்? சி மொழியில் தொடங்கினால்தான் அடித்தளம் பலப்படும் என்கிறார்களே, அது சரியா?

பதில்: நிரல்நெசவு

நீங்கள் சொன்ன நோக்கத்துக்கு ஹெல்சிங்கிதான். அதில் பாடங்கள் எழுத்து வடிவில் இருக்கின்றன. வாசித்துப் புரிந்துகொள்பவருக்கு அதுவே பெரிய வசதி. மொத்தம் 14 பகுதிகள்: முதல் 7 அறிமுகம், அடுத்த 7 மேல்நிலை. தொடக்கப் பகுதிகளின் பயிற்சிகளை உலாவியிலேயே எழுதிவிடலாம். 4ஆம் பகுதியில்தான் நிரல் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோ கோட் வருகிறது, அதனால் மென்பொருளை நிறுவும் சிக்கலிலேயே முதல் வாரம் கரைந்துபோகாது.

ஆனால் இதைப் பரிந்துரைக்க முதன்மைக் காரணம் பயிற்சிகள். எந்தப் படிப்பையும் எடைபோட ஒரே கேள்வி போதும்: ஒரு கருத்தைச் சொல்லிக்கொடுத்த பிறகு, அதை வைத்து உங்களைத் தனியாக எவ்வளவு எழுத வைக்கிறார்கள், எழுதியதை யார் சரிபார்க்கிறார்கள்? ஹெல்சிங்கியில் விடையை அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். எந்த இடத்தில் என்ன எதிர்பார்த்தார்கள், உங்கள் நிரல் என்ன கொடுத்தது என்று அவை காட்டும்.

கட்டணப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் பாடங்களில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் சுழற்சி பற்றியதைத் திறந்து பாருங்கள். '1 முதல் 10 வரை அச்சிடு' என்பதோடு பயிற்சி முடிந்துவிட்டால் அந்தப் படிப்பு வேண்டாம். 'பயனர் 0 தரும்வரை எண்களை வாங்கு. கூட்டுத்தொகை, சராசரி, எதிர்ம எண்களின் எண்ணிக்கை மூன்றையும் சொல்' என்ற அளவிலாவது நாலைந்து கணக்குகள் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பயனர் 0 தந்தால் சராசரிக்கு 0 ஆல் வகுக்க நேர்ந்து நிரல் நின்றுவிடும். அந்த மாதிரி இடத்தில் மாட்டிக்கொண்டு தானே வெளியே வரும்போதுதான் நிரலாக்கம் கைவசப்படுகிறது.

60 மணி நேரக் காணொளி என்பது 60 மணி நேரப் படிப்பு அல்ல. நிறுத்தி, எழுதி, பிழை திருத்தினால் ஒரு மணி நேரக் காணொளிக்கு இரண்டு மூன்று மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஆசிரியர் அடிப்பதைப் பார்த்து அப்படியே அடிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். மறுநாள் வெற்றுக் கோப்பைத் திறந்து, எதையும் பார்க்காமல் அதே நிரலை எழுத முயலுங்கள். பாதியில் நின்றால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. காணொளிப் படிப்பைத்தான் எடுப்பீர்கள் என்றால் இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள்.

பதில்: அரைப்புள்ளி

எந்தப் படிப்பா இருந்தாலும் முதல்ல அதோட வயசைப் பாருங்க. பாடத்துல, திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளைக்கு அப்புறம் அடைப்புக்குறி இல்லாம எழுதியிருந்தா அது பைத்தான் 2. அதுக்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. இப்போ இருக்கிற பைத்தான் 3இல் அந்த வரி ஓடவே ஓடாது. தப்பு உங்க மேலன்னு நினைச்சு மணிக்கணக்கா தேடிட்டு இருப்பீங்க.

அப்புறம், முதல் மாசம் புதுசா வர்றவங்களை நிறுத்துறது பெரும்பாலும் பாடம் இல்லை, கீழே இருக்கிற மாதிரி சின்ன விஷயங்கள்தான்:

விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையில், கீழே, பாத்-இல் (விண்டோஸ் நிரல்களைத் தேடுற இடங்களோட பட்டியல்) சேர்க்கவான்னு ஒரு பெட்டி இருந்தா டிக் பண்ணுங்க. விட்டுட்டா, கட்டளைச் சாளரத்தில் பைத்தான்னு அடிச்சதும் அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்லும், இல்லைன்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும்.

பயனர் அடிக்கிறதை இன்புட் மூலமா வாங்கினா எல்லாமே சரம்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடர். 5, 3 ரெண்டையும் வாங்கிக் கூட்டினா 8 வராது, 53 வரும். முதல்ல இன்ட் போட்டு எண்ணா மாத்தணும்.

பயிற்சிக் கோப்புக்கு ரேண்டம்னு பேர் வச்சுட்டு, உள்ளே பைத்தானோடவே வர்ற ரேண்டம் தொகுதியை (ஆயத்த நிரல் கோப்பு) இறக்குமதி பண்ணாதீங்க. பைத்தான் முதல்ல நிரல் இருக்கிற கோப்புறையில்தான் தேடும். அதனால உங்க கோப்பையே எடுத்துக்கிட்டு, கேட்ட செயற்கூறு இதில் இல்லைன்னு சொல்லும். பைத்தான் 3.13க்கு முந்தைய பதிப்புகள்ல பிழைச் செய்தியைப் பார்த்தா காரணத்தை லேசில் கண்டுபிடிக்க முடியாது.

பிழைச் செய்தியை எப்பவும் கீழேயிருந்து மேலே படிங்க. கடைசி வரியில் என்ன பிழைன்னு இருக்கும், அதுக்கு மேலே எந்தக் கோப்பு, எத்தனையாவது வரின்னு இருக்கும். இதைத் தனிப் பாடமா சொல்லிக்கொடுக்கிற படிப்பு கிடைச்சா அதுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

பதில்: மீள்சுழல்

சி மொழி பற்றி. அது நல்ல அடித்தளம்தான், ஆனால் வேறொரு கட்டிடத்துக்கு. நினைவகத்தை நாமே ஒதுக்கி நாமே விடுவிப்பது, சரம் என்பது 0 மதிப்புள்ள பைட்டில் முடியும் எழுத்துகளின் வரிசை என்பது, நினைவக முகவரியைக் காட்டும் சுட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது, இவை சியில்தான் கண்ணுக்குத் தெரியும். எக்செல் அறிக்கைக்கு இவற்றில் எதுவும் முதல் நாளே தேவைப்படாது. கணினியியலை முறையாகப் படிக்க வேண்டும் என்றால் சிஎஸ்50க்கு வாருங்கள். 0ஆம் வாரம் கட்டங்களை இழுத்துச் சேர்த்து நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச், 1 முதல் 5 வரை சி, 6இல் பைத்தான், 7இல் தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல், பிறகு வலை. 4ஆம் வாரத்தில் நினைவகமும் 5ஆம் வாரத்தில் தரவுக் கட்டமைப்புகளும் வருகின்றன. புதியவர்கள் மூச்சு வாங்குவது அங்கேதான். நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு பாடம் என்று கணக்குப் போட்டால் அங்கே திட்டம் உடையும். ஒரு வாரத்துப் பாடத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

நிரல்நெசவு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிஎஸ்50 குழுவே பைத்தானுக்கென்று சிஎஸ்50பி என்ற தனிப் படிப்பையும் இலவசமாகத் தருகிறது. விதிவிலக்குகள் (நிரல் ஓடும்போது வரும் பிழைகளைக் கையாள்வது) 3ஆம் வாரம், நம் நிரலைச் சரிபார்க்கும் சோதனை எழுதுவது 5ஆம் வாரம், கோப்புகள் 6ஆம் வாரம். சோதனை எழுதுவதை இவ்வளவு சீக்கிரம் கொண்டுவரும் தொடக்கப் படிப்புகள் குறைவு. விரிவுரைகள் நீளமானவை, ஆனால் வசன வரிகள் உண்டு, வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். வாசிப்பதே வசதி என்றால் ஹெல்சிங்கியிலேயே இருங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். பயிற்சிக் கேள்வியை அப்படியே ஒட்டினால் முழு விடையும் வந்துவிடும், பயிற்சி அங்கேயே முடிந்துபோகும். 'இந்தப் பிழைச் செய்தியின் பொருள் என்ன, நிரலைத் திருத்தித் தர வேண்டாம்' என்று கேளுங்கள். சிஎஸ்50இல் இதற்கென்றே வாத்து வடிவில் ஓர் உதவியாளர் இருக்கிறது. விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்திருக்கிறார்கள்.

மாலைநேரம்

மூவருக்கும் நன்றி. ஹெல்சிங்கியில் தொடங்குகிறேன். எந்தப் பகுதி முடிந்ததும் எக்செல் கோப்பில் கை வைக்கலாம்?

பதில்: நிரல்நெசவு

6ஆம் பகுதியில் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் வருகிறது, 7இல் தொகுதிகள். இரண்டும் முடிந்ததும் தொடங்கிவிடுங்கள், 14 வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு எக்செல் கோப்பை சிஎஸ்வியாக, அதாவது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாகச் சேமித்து, அதிலிருந்து ஒரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையை எடுங்கள். அது சரியாக வந்தபின் எக்செல் கோப்புகளைப் பைத்தானில் கையாள உதவும் ஓப்பன்பைஎக்செல் நூலகத்தை (ஆயத்த நிரல் தொகுப்பு) நிறுவி, அதே வேலையை எக்செல் கோப்பிலேயே செய்யுங்கள். கோப்புறை முழுவதையும் சுற்றிவருவது கடைசிப் படி.

இந்த வேலையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், திறக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கும்போது எழுத்துகள் சிதைந்தால் எழுதும்போது தரும் குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று மாற்றினால் சரியாகும். எக்செல்லில் சூத்திரம் உள்ள கட்டத்தைப் படித்தால் விடைக்குப் பதில் சூத்திரமே வரும். திறக்கும்போது டேட்டா ஒன்லி என்ற அமைப்பை ட்ரூ (ஆம்) ஆக்கினால் எக்செல் கடைசியாகக் கணக்கிட்டுச் சேமித்த மதிப்பு கிடைக்கும். அப்படித் திறந்ததை அதே பெயரில் சேமித்துவிடாதீர்கள், சூத்திரங்கள் அழிந்துபோகும். மூலக் கோப்புகளை நகலெடுத்து நகலில் மட்டும் வேலை செய்வது நல்லது. இணைக்கப்பட்ட கட்டங்களில் இடது மேல் மூலையில் மட்டும்தான் மதிப்பு இருக்கும், மற்றவை வெறுமையாக வரும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்புகளை இந்த நூலகம் திறக்காது. எக்செல்லில் ஒருமுறை திறந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கோப்புறையைச் சுற்றிவரும்போது ஏதாவது ஒரு கோப்பு எக்செல்லில் திறந்திருந்தால், ~$ என்று தொடங்கும் மறைவுக் கோப்பு ஒன்றும் பட்டியலில் வரும். நிரல் அதைத் திறக்கப் போய் நின்றுவிடும். பெயர் ~$ இல் தொடங்கினால் தாண்டிப் போகும்படி ஒரு இஃப் வரி போட்டுவிடுங்கள்.