சேமித்ததும் வரும் செய்தி மட்டும் ஆங்கிலத்தில்: ஜாங்கோ, ஜாவாஸ்கிரிப்ட்

சிப்புட்_மகள்:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறார். அன்றன்றைய கணக்கை அப்பா சிகரெட் அட்டையில்தான் எழுதி வைப்பார். மாதக் கடைசியில் செக்ரோலோடு (தோட்டத்து வேலை, கூலிப் பதிவேடு) ஒத்துப்பார்க்கலாம் என்றால் பாதி அட்டை மழையில் ஊறிப் போயிருக்கும். அதனால் கைப்பேசியில் பதிய ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் செய்யும் கட்டமைப்பு) ஒரு சின்னப் பக்கம் செய்து கொடுத்தேன். இருவரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6ஆம் ஆண்டு வரை படித்தவர்கள். தமிழ் என்றால் தடங்கலில்லாமல் வாசிப்பார்கள்.

டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சு) இருப்பதெல்லாம் தமிழில் வருகிறது. சேமித்ததும் ஜாவாஸ்கிரிப்ட் காட்டும் செய்தி மட்டும் ஆங்கிலம். நேற்று அதைப் பார்த்த அப்பா ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து, அதே 84 குலையை மூன்று தடவை பதிந்துவிட்டார். ஸ்கிரிப்டில், வரியை மொழிபெயர்த்துத் தரும் ஜெட்டெக்ஸ்ட் ஃபங்ஷனைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது கன்சோல்.

பீடோர்_அண்ணன்:
டெம்ப்ளேட் வரிகள் சர்வரிலேயே தமிழாகிவிடும்மா. பிரவுசருக்கு அந்த அகராதி போகாது, தனியாக அனுப்ப வேண்டும். யூஆர்எல் கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட்கேட்டலாக் வியூவுக்கு ஒரு பாதை கொடு. பேஸ் டெம்ப்ளேட்டில், உன் ஸ்கிரிப்டுக்கு முன்னால் அதை ஏற்று. ஜெட்டெக்ஸ்ட், என்ஜெட்டெக்ஸ்ட், இன்டர்போலேட் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. பிறகு, மொழிபெயர்க்க வேண்டிய வரிகளைத் திரட்டும் மேக்மெசேஜஸ் கட்டளையை, ஜேஎஸ் கோப்புகளுக்கான ஜாங்கோஜேஎஸ் டொமைனில் ஓட்டு. டெம்ப்ளேட்டுக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டை அது எடுக்காது, தனி ஜேஎஸ் கோப்புக்கு மாற்றிவிடு.

சிப்புட்_மகள்:
ஜெட்டெக்ஸ்ட் வேலை செய்கிறது அண்ணே! ஆனால் சேமித்த செய்தி இன்னும் ஆங்கிலம்தான். மொழிபெயர்ப்பு எழுதும் பிஓ கோப்பில் தமிழ் இருக்கிறது, கம்பைலும் செய்தேன்.

லயத்து_வீடு:
அந்த வரிக்கு மேலே ‘ஃபஸ்ஸி’ என்று இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு வரியைப் போலத் தெரிந்தால் கருவியே ஊகித்து நிரப்பி அந்தக் குறியைப் போடும். குறி இருக்கும்வரை கம்பைலில் சேராது. எடுக்குமுன் தமிழை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கம்பைல் செய்தபின் சர்வரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சிப்புட்_மகள்:
வாசிக்கச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. ‘சேமிக்கப்பட்டது’ வர வேண்டிய இடத்தில், வேறொரு வரியிலிருந்து ‘நீக்கப்பட்டது’ வந்து உட்கார்ந்திருந்தது. வாசிக்காமல் குறியை மட்டும் எடுத்திருந்தால் அப்பா பதறிப் போயிருப்பார். திருத்திவிட்டேன், தமிழில் வருகிறது.

இன்னொன்று. என்ஜெட்டெக்ஸ்ட் ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனி வரி கேட்கிறது. ‘84 குலைகள்’ என்று எழுதியிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு, “யாரும்மா இப்படிப் பேசுவா? 84 குலைன்னு போடு” என்றார். இப்போது இரண்டு வரியிலும் ‘குலை’தான்.