நெட் இல்லாம கிட் ரெப்போவை (கோடும் அதை மாத்துன வரலாறும் இருக்கிற ஃபோல்டர்) எப்படிக் கொடுக்கிறது?

தங்கச்சிமடத்தான்:
இறால் ஏலக் கணக்குக்கு நானும் மச்சானும் ஒரு ஆப் எழுதுறோம். அவன் தொண்டியில. காத்து கிளம்புனா இங்க நெட் படுத்துடும், எழுதுனதை சர்வருக்கு ஏத்துற ‘கிட் புஷ்’ பாதியில நிக்குது. ஃபோல்டரை பென் டிரைவ்ல போட்டு பஸ்ல குடுத்துவிட்டா, யாரு எதை மாத்துனதுன்னே தெரியல. வேற வழி இருக்கா அண்ணே?

மண்டபம் பாய்:
ஃபோல்டரைத் தூக்கிக் குடுக்காதீங்க தம்பி. ‘கிட் பண்டில் கிரியேட் ஏலம்.பண்டில் --ஆல்’ அடிங்க. கமிட் வரலாறு (யாரு எப்ப எதை மாத்துனாங்கங்கிற பதிவு) மொத்தமும் ஒரே ஃபைல்ல வந்துரும், மச்சான் அதையே ‘கிட் குளோன்’ பண்ணி முழு ரெப்போவா எடுத்துக்கலாம். குடுத்த கையோட, எதுவரைக்கும் அனுப்புனோம்னு அடையாளத்துக்கு ‘கிட் டேக் -எஃப் அனுப்பியது’ போட்டுருங்க. அடுத்த தடவை ‘கிட் பண்டில் கிரியேட் புதுசு.பண்டில் அனுப்பியது..மெயின்’ போதும் (மெயின்ங்கிறது நீங்க வேலை பாக்குற முக்கிய கிளையோட பேரு). புதுசா எழுதுனது மட்டும் வரும், வாட்ஸ்அப்லயே போயிடும். அங்க மச்சான் ‘கிட் பண்டில் வெரிஃபை புதுசு.பண்டில்’ போட்டு ஃபைல் சரியா இருக்கான்னு பாத்துட்டு, ‘கிட் புல் புதுசு.பண்டில் மெயின்’ அடிச்சு தன்னோடதுல சேத்துக்கட்டும்.

தேவிபட்டினம்:
இறால் போட்டோவெல்லாம் ரெப்போவுக்குள்ள திணிக்காதீங்க. பண்டில் பெருத்துடும். நெட் வந்தாலும் 100 எம்பிக்கு மேல உள்ள ஃபைலை கிட்ஹப் (ரெப்போவை ஆன்லைன்ல வைக்கிற தளம்) வாங்காது.

தங்கச்சிமடத்தான்:
அவன் திருப்பி அனுப்பவும் இதேதானா?

மண்டபம் பாய்:
அதேதான். ஒரே வரியை ரெண்டு பேரும் தொட்டிருந்தா கான்ஃபிளிக்ட் (யாரோடதை வைக்கிறதுன்னு கிட்டுக்குத் தெரியாத மோதல்) வரும், போன்ல பேசி முடிச்சுக்கங்க.