சோர்ஸ் ஜெனரேட்டர்: ஆட்ரிபியூட்டில் முதல் எனம் மதிப்பு மட்டும் ஓடுகிறது, மற்றதெல்லாம் சிஎஸ்0266

நடுராத்திரி_பில்ட்:
வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது. சி ஷார்ப், டாட்நெட் 8, நானே எழுதிய இன்க்ரிமென்டல் ஜெனரேட்டர் (பில்ட் ஆகும்போது கூடுதல் கோடைத் தானே எழுதிச் சேர்க்கும் சோர்ஸ் ஜெனரேட்டர்). ஆர்டர் கிளாஸ்களின் தலையில் 'ஆரம்பநிலை' என்று ஓர் ஆட்ரிபியூட் (கிளாஸோடு ஒட்டும் குறிப்பு) போடுவேன்; அதற்குள் ஆர்டர்நிலை என்ற எனத்தின் மதிப்பு ஒன்று இருக்கும். (எனம் என்றால் enum, எண்களுக்குப் பெயர் வைத்த பட்டியல். ஈனம் என்று எழுதினால் அர்த்தம் கெட்டுவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஜெனரேட்டர் அதைப் படித்து, பார்ஷியல் கிளாஸில் (அதே கிளாஸின் இன்னொரு பகுதியில்) அந்த நிலையை வைக்கும் ஒரு வரியை எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

'காத்திருப்பு' என்று கொடுத்தால் பில்ட் ஆகிறது. 'அனுப்பியாச்சு', 'ரத்து' என்று கொடுத்தால் சிஎஸ்0266. இன்ட்டை (முழு எண் வகையை) ஆர்டர்நிலையாகத் தானாக மாற்ற முடியாதாம். நான் எங்கே இன்ட் எழுதினேன்?

அரைக்கோலன்:
ஜெனரேட் ஆன கோப்பைத் திறந்து பார்த்தீர்களா? ப்ராஜெக்ட் கோப்பில் எமிட்கம்பைலர்ஜெனரேட்டட்ஃபைல்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் ஓபிஜே ஃபோல்டருக்குள் வந்து விழும்.

நடுராத்திரி_பில்ட்:
பார்த்தேன். 'நிலை = 0;' என்று இருக்கிறது. மற்ற கிளாஸ்களில் 1, 3. உறுப்பின் பெயர் வரும் என்று நினைத்துத்தான் ஆட்ரிபியூட் ஆர்குமென்டின் வேல்யூ மேல் டூஸ்ட்ரிங் (எழுத்தாக மாற்றும் மெத்தட்) போட்டேன்.

அரைக்கோலன்:
பிடிபட்டுவிட்டது. ஆட்ரிபியூட் ஆர்குமென்டை ரோஸ்லின் (சி ஷார்ப் கம்பைலர்) டைப்ட்கான்ஸ்டன்ட் என்ற பொருளாகத்தான் தருகிறது. அது எனமாக இருந்தால் கைண்ட் 'எனம்' என்று சொல்லும், டைப் எந்த எனம் என்று சொல்லும். ஆனால் வேல்யூவில் இருப்பது அடியிலுள்ள வெறும் எண். பெயர் அங்கே கிடையாது.

அப்புறம் காத்திருப்பு மட்டும் ஏன் தப்பித்தது? சி ஷார்ப்பில் 0 என்ற லிட்டரல் (நேராக எழுதிய எண்) எந்த எனத்துக்கும் காஸ்ட் (வகையை மாற்று என்று வெளிப்படையாக எழுதுவது) இல்லாமலே மாறும். 1க்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் பிழை முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, 0 அதை மறைத்து வைத்திருந்தது. வேல்யூவை இன்ட்டாக எடுத்து, எனம் பெயரால் காஸ்ட் செய்து எழுதுங்கள்.

நடுராத்திரி_பில்ட்:
எடுத்தேன் அண்ணா, இப்போது எதுவுமே ஜெனரேட் ஆகவில்லை. கோப்பே இல்லை. நூற்றுக்கு மேல் எரர்.

பழைய_கம்பைலர்:
எரரை விடுங்கள், வார்னிங்கைப் பாருங்கள். சிஎஸ்8785 இருக்கும். ஜெனரேட்டர் எக்செப்ஷன் போட்டு விழுந்தால் கம்பைலர் அதை வார்னிங்காகத்தான் சொல்லும். நீங்கள் பார்க்கும் எரரெல்லாம் கோப்பு வராததால் வந்தவை.

நடுராத்திரி_பில்ட்:
ஆமாம், கடைசியில் ஒளிந்திருந்தது. இன்வேலிட்காஸ்ட்எக்செப்ஷன்.

பழைய_கம்பைலர்:
உங்கள் எனம் பைட் (இன்ட்டைவிடச் சிறிய எண்) வகையா?

நடுராத்திரி_பில்ட்:
அட, ஆமாம். டேபிளில் டைனிஇன்ட் என்பதால் எனத்தையும் பைட்டாக வைத்தோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய_கம்பைலர்:
நானும் அடி வாங்கியவன்தான். வேல்யூ ஆப்ஜெக்டாக வருகிறது. உள்ளே இருப்பது பெட்டியில் போட்ட பைட். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அதே வகையில்தான் எடுக்க வேண்டும், நேராக இன்ட் என்று காஸ்ட் செய்தால் வெடிக்கும். உங்களுக்கு அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடும் வேலை இல்லையே, எழுதத்தானே போகிறீர்கள்? இன்வேரியன்ட் கல்ச்சரோடு (மெஷினின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறாத வடிவில்) ஸ்ட்ரிங் ஆக்கினால் போதும்.

எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: முதலில் அடைப்புக்குறிக்குள் எனத்தின் முழுப்பெயர், அடுத்து இன்னோர் அடைப்புக்குறிக்குள் எண். முழுப்பெயரை டைப்பிலிருந்து ஃபுல்லிகுவாலிஃபைட்ஃபார்மட் கொடுத்து எடுங்கள், முன்னால் 'குளோபல்::' சேர்ந்தே வரும். எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி எதற்கு என்றால், யாராவது -1 என்று ஓர் உறுப்பு வைத்தால் அது இல்லாமல் சிஎஸ்0075 வரும்.

அரைக்கோலன்:
இன்ட் என்று சொன்னது நான்தான், மன்னிக்கவும். உறுப்புகளைச் சுற்றி வந்து அதே எண்ணுள்ள பெயரைத் தேடி எழுதலாமே? படிக்க அழகாக இருக்குமே.

பழைய_கம்பைலர்:
ஃப்ளாக்ஸ் எனத்தில் (உறுப்புகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் எனத்தில்) இரண்டு உறுப்பைச் சேர்த்துக் கொடுத்தால் எந்தப் பெயரும் பொருந்தாது. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருந்தால் எதையாவது ஒன்றை எடுக்கும். ஜெனரேட் ஆன கோப்பை அழகு பார்க்க யார் திறக்கிறார்கள்? காஸ்ட் போதும்.

இன்னொன்று. ஆட்ரிபியூட்டையும் எனத்தையும் ஜெனரேட்டரே எழுதித் தருகிறதா? அப்படியென்றால் ரெஜிஸ்டர்போஸ்ட்இனிஷியலைசேஷன்அவுட்புட் வழியாகச் சேருங்கள். சாதாரண சோர்ஸ் அவுட்புட்டில் சேர்த்தால், படிக்கிற நேரத்தில் ஜெனரேட்டரின் கண்ணுக்கு அவை தெரியாது.

நடுராத்திரி_பில்ட்:
இல்லை, அவை தனி லைப்ரரியில் இருக்கின்றன. நீங்கள் சொன்னபடி மாற்றினேன், கமாண்ட் லைனில் சுத்தமாக பில்ட் ஆகிறது! ஆனால் விஷுவல் ஸ்டுடியோவில் அதே பழைய எரர் சிவப்பாக நிற்கிறது.

அரைக்கோலன்:
பழைய ஜெனரேட்டர் டிஎல்எல் மெமரியில் உட்கார்ந்திருக்கும். மூடித் திறங்கள்.

நடுராத்திரி_பில்ட்:
போய்விட்டது. ரத்தும் ஓடுகிறது, அனுப்பியாச்சும் ஓடுகிறது. இருவருக்கும் நன்றி அண்ணா, தூங்கப் போகிறேன்.