இந்த மார்கழியில் உங்கள் கொல்லைக்கு வந்தவை எத்தனை, வராதவை எத்தனை?

கொல்லைக்காரன், கும்பகோணம் பக்கம்

8 வருஷமாக ஒரு பழக்கம். ஐப்பசி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து ஏழு வரை கிணற்றடியில் காபியோடு உட்கார்ந்துவிடுவேன். கொல்லைக்கு வரும் பறவைகளைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன். மாசி முடிந்ததும் தாள்களுக்கு ஒரு கிளிப் மாட்டி அலமாரியில் போட்டுவிடுவேன். ஆராய்ச்சி எல்லாம் இல்லை. வீட்டம்மா இதைக் "குருவிக் கணக்கு" என்பாள், பால் கணக்கு, பேப்பர் கணக்கு மாதிரி.

ஒரு மா, இரண்டு தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, மதில் ஓரம் செம்பருத்தி. அவ்வளவுதான் எங்கள் கொல்லை. வழக்கமாக மார்கழியில் ஒரு காலையில் 14, 15 வகை எழுதுவேன், தலைகளைக் கூட்டினால் 40 தாண்டும். இந்த மார்கழி முதல் ஞாயிறு 9 வகை, 26 தலை. காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் வீட்டு ஆட்கள் மாதிரி இருக்கத்தான் செய்கின்றன. குறைந்தது விருந்தாளிகள்தான். அரசவால் ஈப்பிடிப்பான் ஒரே ஒரு நாள், அதுவும் வால் வளராத செம்பழுப்பு ஒன்று. செம்பருத்திப் புதருக்குள் ஒளிந்துகொண்டு "டக், டக்" என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி கத்தும் நாணல் கதிர்க்குருவி மட்டும் தவறாமல் வந்துவிட்டது. அதை இந்த 8 வருஷத்தில் முழுசாகப் பார்த்தது நாலைந்து தரம் இருக்கும். சத்தத்தை வைத்துத்தான் வரவு.

மனசுக்கு உறுத்துவது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்று சொல்வார்களே, அதேதான். மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கட்டை உடம்பு, பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை, வாலடியில் ரத்தச் சிவப்பு. இவ்வளவு வண்ணத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் இறங்கினால் காணாமல் போய்விடும். ஆயுத பூஜை கழிந்து பத்துப் பதினைந்து நாளில் ஒரு சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் பார்த்து, மாமரத்தடியிலிருந்து இரண்டு சுர விசில் வரும். ஒருத்தர் தெருமுனையில் நின்று நம்மைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மறுநாளிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் உண்டு. 7 வருஷம் தப்பாமல் வந்தது. அதே குருவிதானா என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உட்காருகிற இடம் அதே இடம். இந்த வருஷம் மார்கழி பாதியாகிவிட்டது, சத்தமே இல்லை.

உங்கள் பக்கம் எப்படி?

பொடக்காலி, கோபிசெட்டிபாளையம்

அண்ணா, எங்க பொடக்காலில கணக்கு கூடித்தான் இருக்குதுங்க. ஆனா சந்தோஷப்படற மாதிரி இல்லை. மயில்! சின்ன வயசுல மயில் பார்க்கணும்னா விராலிமலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இப்ப தக்காளிப் பாத்தியில 6 மயில் நிக்குது. எழுதற நோட்டுல அதை ஒரு வகைன்னு போட்டா போதுமா, தலைக்கு ஒரு திட்டும் சேர்த்துப் போடணுமா?

குளிருக்கு வர்றதுல சோளக்குருவிதான் எங்களுக்கு விசேஷம். புரட்டாசியிலயே வந்துருது, உடம்பு ரோஸ், தலை கறுப்பு. சோளத்தட்டு அறுக்கற காட்டு மேல ஒரே மேகமாட்டம் திரும்பும். அது எங்கியோ மத்திய ஆசியாப் பக்கத்துல குஞ்சு பொரிச்சுட்டு இங்க வருதுன்னு படிச்சப்ப எங்கப்பாருகிட்டச் சொன்னேன். "அத்தன தூரம் வந்து என்ர சோளத்தத்தான் திங்கோணுமா"ன்னாரு. வெட்டுக்கிளியும் அதேதான் திங்குதுங்கறதை அவரு இன்னும் ஒத்துக்கலை.

இன்னொண்ணு. 2 வருஷம் முந்தி மார்கழியில குயிலைக் காணோம்னு நானும் இப்படித்தான் வெசனப்பட்டேன். பார்த்தா பப்பாளி மரத்துலயே இருக்குது, வாயத் திறக்காம பழத்தைக் குடைஞ்சுட்டு. இந்த மாசத்துல அது பாடறதில்லீங்க, அவ்வளவுதான். காதை நம்பிக் கணக்கெழுதினா ஆளு இருந்தும் வரவு விழுகாது.

மூணாவது மாடி, தாம்பரம்

எங்களுக்குக் கொல்லை ஏது, பால்கனிதான். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். எதிர் வரிசையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் மூன்றும் ஒரே மத்தியானத்தில் போச்சு. அதற்கு முன்னால் குளிர்காலத்தில் மாங்குயில் ஜோடி வரும், பாத்திரம் தேய்க்கும்போதே ஜன்னலில் மஞ்சள் தெரியும். அந்த வருஷத்துக்குப் பிறகு மாடப்புறாதான். 4 புறா 40 ஆச்சு. பாவம் பார்த்து அரிசி வைத்தது நான்தான், இப்போது வலை கட்டின கடனும் என்னுடையதுதான்.

நீங்கள் சொல்லும் ஆறுமணிக் குருவி எனக்கு வேறு விதத்தில் பழக்கம். ஒரு அக்டோபர் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். மாடிப்படி மூலையில் செருப்பு அலமாரிக்குக் கீழே குண்டாக ஒன்று நிற்கிறது. வெளியே கிரில்லில் 5 காகம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வருமாம். வருகிற வழியில் களைத்துப்போய் கண்ணாடியில் மோதியோ, காகத்திடம் மாட்டியோ வீடுகளுக்குள் விழுவது சென்னையில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. எனக்கு அப்போது எதுவும் தெரியாது. பறவை பார்க்கிற நண்பரிடம் போனில் கேட்டேன். "சோறு ஊட்டாதே, தண்ணி வாயில் ஊத்தாதே, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டாக வை, சாயங்காலம் காகம் அடங்கினதும் மரம் இருக்கிற இடத்தில் விடு" என்றார். மிக்சி வந்த பெட்டியில் வைத்தோம். நாள் முழுக்க வீட்டில் டிவி போடவில்லை. ஐந்தரைக்கு மேல் பக்கத்துப் பள்ளிக்கூட வேலி ஓரம் பெட்டியைச் சாய்த்தேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, இரண்டு தத்து தத்திச் சருகில் இறங்கியது, போச்சு. கையில் எடுத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் மட்டும் இன்னும் விரலில் இருக்கிறது.

தென்னந்தோப்பு, பட்டுக்கோட்டை

மரம் போனால் என்ன ஆகும் என்று எங்களைக் கேளுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா. எங்கள் தோப்பில் 90 மரத்தில் நின்றது 11. அந்த மார்கழியில் கொல்லைக்கு வந்த பறவைகள் குறையவில்லை, முதலில் கூடியது! அதைத்தான் சொல்ல வந்தேன். விழுந்த மரங்களில் வண்டு, புழு; நிறுத்திவைத்த மொட்டைத் தண்டில் எல்லாம் கரிச்சான், பனங்காடை, பஞ்சுருட்டான். "பரவாயில்லையே, புயலுக்கு அசரவில்லை" என்று நினைத்தேன். ஒதுங்க வேறு இடம் இல்லாமல் எங்கள் பக்கம் குவிந்தவை அவை என்பது அடுத்த வருஷம்தான் புரிந்தது. தண்டுகளை அறுத்து அப்புறப்படுத்தினோம். அந்தக் குளிர்காலம் கொல்லை வெறிச்சோடிவிட்டது.

எங்கள் ஊரில் பனை மட்டும் பெரும்பாலும் நின்றது. பனை உழவாரனும் அதோடு நின்றுகொண்டது. சாயங்காலம் அதைப் பார்த்தால் ஒரு ஆறுதல்.

வளவு, ஸ்காபரோ

நான் யாழ்ப்பாணம், இப்ப 20 வருசமா கனடா. இஞ்ச எங்கட பின்வளவில ஒரு ஃபீடர் தூக்கி, சூரியகாந்தி விதை போட்டிருக்கிறன். உங்களுக்குக் குளிர் எண்டா விருந்தாளி வாறது. எங்களுக்குக் குளிர் எண்டா முக்கால்வாசி ஆக்கள் தெற்க போயிடுவினம், மிச்சம் நிண்டு பனியோட மல்லுக்கட்டுறது. அதிலயும் ஜங்கோ எண்ட சாம்பல் குருவிக்கு நாங்கள்தான் தெற்கு. அது ஒக்டோபரில வந்து எங்கட பனிக்குள்ள குளிர்காயுது!

எண்ணிக்கை ஏறி இறங்குறதைப் பற்றிக் கேட்டால், நான் கண்டது இதுதான். பனி கொட்டின அடுத்த நாள் ஃபீடரில சந்தைதான். கார்டினல், சிக்கடீ, நீலக் காகம் எல்லாம் வரும். ரண்டு நாள் வெயில் எறிச்சால் ஒண்டையும் காணேலாது. வெளியில சாப்பாடு கிடைச்சால் எங்கட கடைக்கு ஏன் வருகுதுகள்? ஒருக்கா ஒரு கிழமை முழுக்க ஒரு குருவியும் இல்லை. விதை பழுதாப் போச்செண்டு முழுதையும் கொட்டி மாத்தினன். பிறகு பார்த்தால் பக்கத்து மேப்பிள் மரத்தில கூப்பர் வல்லூறு குந்தியிருக்குது. 2020 மாரியில மறுவளமா நடந்தது. பைன் சிஸ்கின் எண்ட கோடு போட்ட சின்னக் குருவி கூட்டங் கூட்டமா வந்து விதை முழுதையும் முடிச்சிட்டுது. வடக்குக் காட்டில ஊசியிலை மரங்களின்ர காய் சரியா விளையாத வருசங்களில அப்பிடி இறங்கி வருமாம். அடுத்த வருசம் அதைத் தேடினன், வரேல்லை.

கும்பகோணத்து அண்ணை, உங்களிட்ட ஒரு கேள்வி. தலையை எப்பிடிக் கூட்டுறனீங்கள்? 1976ல ஒன்ராறியோவில ஃபீடர்க் கணக்கெடுப்பு ஒண்டு தொடங்கினவை, பிறகு அது அமெரிக்காவுக்கும் பரவி ஃபீடர்வாட்ச் ஆச்சுது. அதில நானும் எழுதுறனான். விதி என்னெண்டால், ஒரே நேரத்தில கண்ணில பட்ட ஆகக் கூடின எண்ணைத்தான் எழுதவேணும். மைனா மூண்டு தரம் வந்து போனால் மூண்டு மைனா இல்லை.

கொல்லைக்காரன்

ஐயோ. நான் வந்ததை எல்லாம் கூட்டித்தான் எழுதுகிறேன். முருங்கையில் 2 தேன்சிட்டு, அப்புறம் செம்பருத்தியில் 2, ஆக 4 என்று போட்டிருக்கிறேன். 8 வருஷத் தாளும் போச்சா?

சாரல், தென்காசி

போகல சார், 8 வருஷமும் ஒரே மாதிரி தப்பாத்தான எழுதியிருக்கீங்க, ஒண்ணோடு ஒண்ணை ஒப்பிடலாம். வகை எண்ணிக்கைக்கு எந்தப் பழுதும் இல்ல. நான் பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர். 2015லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கு, பொங்கலை ஒட்டின 4 நாள், ஒரு இடத்துல 15 நிமிஷம் நின்னு பார்த்ததையும் கேட்டதையும் இ-பேர்டுங்கிற பறவைக் குறிப்பு வலைத்தளத்துல ஏத்தணும். பிள்ளைகளை வச்சு வருஷா வருஷம் செய்யுதோம். பிள்ளைகளுக்குக் கரும்பைக் கீழ வைக்கச் சொல்லுறதுதான் பெரிய வேலை.

இந்த மாதிரி ஆயிரக்கணக்கானவங்க ஏத்துன குறிப்புகளை வச்சுத்தான் 2023ல இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை வந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தகவல் இருந்தது 338 வகைக்குத்தான், அதுல 204 குறைஞ்சிருக்கு. அதனால உங்க பயம் ஒண்ணும் வெறும் பயம் இல்ல. ஆனா ஒரு கொல்லையில ஒரு வருஷம் குறைஞ்சா உடனே அதுல கொண்டுபோய் முடிச்சுப் போட முடியாது. மழை நல்லா பெஞ்ச வருஷம் வயக்காடு, குளத்தங்கரை எல்லாம் பூச்சி கிடைக்கும், வீட்டுப் பக்கம் வரவேண்டிய அவசியமே இருக்காது.

ஆறுமணிக் குருவி விஷயம் மட்டும் வேற. அது மரத்துப் பறவைன்னு நினைக்காதீங்க, தரைப் பறவை. சருகைப் புரட்டிப் புரட்டி அடியில இருக்கிற மண்புழு, வண்டு, கரையான்னு தின்னும். போன குளிர்காலத்துக்கும் இந்தக் குளிர்காலத்துக்கும் நடுவுல உங்க கொல்லைத் தரையில என்ன செஞ்சீங்க?

கொல்லைக்காரன்

டீச்சர், இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு 3 நாள் ஆச்சு.

வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். பந்திக்கு இடம் வேண்டும் என்று கிணற்றடியிலிருந்து மாமரம் வரைக்கும் சிமெண்டு போட்டு, மேலே சொரசொரப்பு டைல்ஸ் பதித்தோம். மாமரத்தைச் சுற்றி ஒரு முழம் வட்டம்தான் மண். சருகு விழுந்தால் டைல்ஸில் பளிச்சென்று தெரிகிறது, அதனால் வேலைக்கார அம்மா காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பெருக்கிவிடுகிறாள். முன்பெல்லாம் வாரம் ஒரு தரம்தான். இவ்வளவும் என் கண் முன்னால், என் கைக்காசில் நடந்தது. அதே டைல்ஸ் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துதான் குருவியைக் காணோம் என்று எழுதியிருக்கிறேன்.

டைல்ஸைப் பெயர்க்க வீட்டில் உத்தரவு கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன். தென்னைக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு பத்தடிக்கு மண் இருக்கிறது. இனிமேல் சருகை எரிக்காமல் அங்கே கொட்டச் சொல்லியிருக்கிறேன். பாம்பு வரும் என்று ஒரு சண்டை, அது தனிக் கதை. ஐந்தாம் நாள் கொடிக்கால் வாலாட்டி ஒன்று வந்தது. மற்ற வாலாட்டி மேலும் கீழும் ஆட்டும், இது வாலை இடம் வலமாக ஆட்டும், இடுப்பொடிந்த நடை. 2 வருஷமாகத் தாளில் இல்லாத பெயர்.

நேற்றுச் சாயங்காலம் 5.52. மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறில் பூட்டிக் கிடக்கிற வீடு. கொல்லை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பலா இலைச் சருகு. அங்கிருந்து கேட்டது, அதே இரண்டு சுரம். காபி டம்ளரை வைத்துவிட்டு மதிலில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று தரம் கூப்பிட்டது.

என் தாளில் இதை எழுதலாமா, கூடாதா? குருவி உட்கார்ந்திருப்பது அவர்கள் கொல்லையில்.

சாரல், தென்காசி

எழுதுங்க சார். நீங்க நிக்கது உங்க கொல்லையில, கேட்டது உங்க காதுல. எண்ணிக்கை 1, "சத்தம் மட்டும்"னு பக்கத்துல போட்டுக்கிடுங்க.