ரோட்டரியில் டம்ளர்: டிசைனின் இரண்டு முனையும் சேரவே மாட்டேன் என்கிறது

அவசரக்காரன்:
லேசர் மெஷினில் டம்ளரைச் சுழற்றும் ரோட்டரியை மாட்டிச் செதுக்குகிறேன், டம்ளரைச் சுற்றி வரும் பூவேலை. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும், முடியவில்லை. எல்லா செட்டிங்கும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நாளைக்குள் 20 டம்ளர் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

உருளைராசா:
டம்ளரை உருளைமேல் வைத்துச் சுழற்றும் ரோலரா, முனையைப் பிடித்துச் சுழற்றும் சக்கா? டம்ளர் நேராக இருக்கிறதா, அடி சிறுத்ததா? முனைகளுக்கு நடுவே இடைவெளியா, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதா? எதுவுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

மூத்தகை:
மாதம் தவறாமல் வரும் கேள்வி. ஒரு சுற்றுக்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் நகர வேண்டும் என்பதைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள். மெஷின் வாங்கியவர்கள் கையேட்டையும் ஒருமுறை திறக்கலாம்.

அவசரக்காரன்:
ரோலர். சாஃப்ட்வேர் லைட்பர்ன். விட்டம் 73 மி.மீ., அடி கொஞ்சம் சிறுத்தது. முதல் டம்ளரில் 4 மி.மீ. இடைவெளி, அடுத்ததில் 1, மூன்றாவதில் 6.

மூத்தகை:
அந்த 73-ஐ எங்கே போட்டீர்கள்? ரோலரில் ஸ்டெப் கணக்குக்கு ரோலரின் விட்டம்தான் வேண்டும். டம்ளர் விட்டம் சக்குக்கு. உங்களுக்கு அது டிசைன் நீளத்துக்கு மட்டும்தான்: 73 × 3.1416, அதாவது 229.3 மி.மீ.

சாயங்கால லேசர்:
கணக்கு சரி அண்ணா. ஆனால் ஸ்டெப் தப்பென்றால் மூன்று டம்ளரிலும் ஒரே அளவுதானே தப்ப வேண்டும்? 4, 1, 6 என்று மாறுகிறதே, இது வழுக்கல். டம்ளரிலும் ரோலரிலும் பேனாவால் ஒரு கோடு போட்டு, லேசரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு படம் போடுங்கள்.

அவசரக்காரன்:
[படம்]

சாயங்கால லேசர்:
புகைக் கறை படியாமல் இருக்க டேப் ஒட்டியிருப்பதைச் சொல்லவே இல்லையே! சுற்றி முடித்த இடத்தில் டேப்பின்மேல் டேப் ஏறியிருக்கிறது. அந்த மேடு ரோலரைத் தொடும்போதெல்லாம் டம்ளர் சின்னதாக ஒரு துள்ளல் போடும். டிசைன் விழும் இடத்தில் மட்டும் டேப் இருக்கட்டும், ரோலர் தொடும் இடத்தில் வேண்டாம். உள்ளே ஒரு மணல் பை வையுங்கள், காலி டம்ளருக்குக் கனம் போதாது.

உருளைராசா:
ரோட்டரியின் ஆக்சிலரேஷனையும் குறையுங்கள். ஒவ்வொரு பூவாக நிரப்பினால் முன்னும் பின்னும் ஓடி ஓடி வழுக்கும், எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக நிரப்பச் சொல்லுங்கள். சிறுத்த முனையைத் தூக்கி மேல்பரப்பை மட்டமாக்கினீர்களா? இல்லையென்றால் ஒரு ஓரம் ஃபோகஸ் போய் மங்கும்.

கரிப்புகை:
பவுடர் கோட்டிங் (பொடிப் பெயிண்ட்) பூசிய டம்ளருக்கு டேப்பே தேவையில்லை. ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் கறை போய்விடும்.

மூத்தகை:
வெள்ளை டம்ளரில் துடைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கரிப்புகை:
துடைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். உங்கள் டேப்பின் பசையை உரித்தெடுக்கும் நேரத்தில் நான் இன்னும் இரண்டு போட்டுவிடுவேன்.

மூத்தகை:
பசை ஒட்டுகிறதென்றால் மலிவு டேப். அதற்கு நான் என்ன செய்ய?

அவசரக்காரன்:
ஓரத்து டேப்பை வெட்டி எடுத்தேன், மணல் பை வைத்தேன். சேர்ந்துவிட்டது!! இன்னும் 19 இருக்கிறது, வருகிறேன்.

உருளைராசா:
ஆக்சிலரேஷன் குறைத்தீர்களா, இல்லையா?