மஹிந்திரா தார் ராக்ஸா, ஸ்கார்பியோ என்-ஆ? அஞ்சு பேருக்கும் தோட்டத்துப் பாதைக்கும் தோதான வண்டி எது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை சொல்லுங்க. அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கோம். ஆச்சியோட சேத்து வீட்ல அஞ்சு பேர். மணிமுத்தாறு பக்கத்துல தோட்டம். ஐப்பசி மழை பிடிச்சா அந்த வண்டிப்பாதை முழுக்க சகதி. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அங்க சக்கரம் சும்மா சுத்திக்கிட்டே நிக்கும். அதனால நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் வேணும்.

மாருதி ஜிம்னி எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி. ஆனா நாலு சீட்டு, டிக்கி 208 லிட்டர்தான். விட்டாச்சு.

ராக்ஸ்ல பெட்ரோல் இன்ஜின் அவ்வளவு அமைதி. ஆனா ஃபோர் வீல் டிரைவ் 2.2 லிட்டர் டீசல்லதான் வருது. ஸ்கார்பியோ என்-லயும் அப்படித்தான். என் கவலை டிபிஎஃப், அதான் டீசல் புகையில வர்ற கரியைப் பிடிக்கிற வடிகட்டி, அதைப் பத்திதான். அதுல சேர்ற கரி எரியணும்னா வண்டி கொஞ்ச நேரம் நிக்காம, ஒரே வேகத்துல ஓடணும். எங்க ஓட்டமோ வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான், ஏழே கிலோமீட்டர். வாரம் ஒருக்கா நாலுவழிச் சாலையில நாகர்கோவில் வரைக்கும் விரட்டிட்டு வந்தா போதுமா?

அடுத்தது ஆச்சி. முட்டு வலி. ஷோரூம்ல ராக்ஸ் பின்சீட்டுக்கு ஒரு காலை வச்சுட்டு, மறு காலைத் தூக்க முடியாம கைப்பிடியைப் பிடிச்சே நின்னாவ. சைடு ஸ்டெப் மாட்டினா சரியாகுமா, இல்ல சகதியில அது தட்டுமா?

ரெண்டுல எதையாவது டீசல் ஃபோர் வீல் டிரைவா வச்சிருக்கிறவங்க, பின்சீட்டு குலுக்கல் எப்படின்னும் சொல்லுங்க. தீபாவளிக்கு முன்னாடி புக் பண்ணணும்.