பூங்காத் துறையை வனவிலங்குத் துறையோடு இணைத்தால் பட்ஜெட்டில் மிச்சமாகுமா?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2011 ஜூலையில் பூங்காத் துறையையும் வனவிலங்குத் துறையையும் ஒன்றாக்கியது. இப்படி மிச்சமாகும் பணத்தை மாநிலப் பொது நிதிக்குத் திருப்பிவிட முடியுமா?

பதில் 1: உரிமக் கட்டணத்தில் மிச்சமானதைத் தொடவே முடியாது. வேட்டை, மீன்பிடி உரிமப் பணத்தை வனவிலங்கு, மீன்வள நிர்வாகத்துக்கு மட்டுமே செலவிடலாம். வேட்டை உரிமத்துக்கு 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டமும், மீன்பிடி உரிமத்துக்கு 1950-ம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டமும் வைத்த நிபந்தனை அது. மீறினால் இந்தச் சட்டங்களின் கீழ் மாநிலத்துக்கு வரும் மத்திய மானியம் நின்றுவிடும். அந்த மானியம் முன்பணமாக வராது. மாநிலம் செலவழித்துக் கணக்குக் காட்டிய பிறகு, 75% வரை திரும்பக் கிடைக்கும். மீதி 25% பெரும்பாலும் உரிமப் பணம்தான். ஆக, மாநிலப் பங்கில் 1 டாலர் குறைந்தாலே 3 டாலர் வரை மானியம் போச்சு.

பதில் 2: சிக்கல் அன்றாடக் கணக்கில்தான். துறை ஒன்று, கல்லா இரண்டு. உரிமப் பணத்தில் வாங்கிய டிரக்கைப் பூங்கா முகாமில் ஓட்டினால், பூங்கா நிதி அதற்கு வாடகை கட்ட வேண்டும். பழைய டிரக்கை விற்ற பணம், வங்கி வட்டி எல்லாமே வனவிலங்குக் கணக்குக்கே திரும்பும். இரு பக்கமும் வேலை பார்க்கும் ஊழியர் மணிக்கணக்கை, உண்மையில் வேலை செய்தபடி பிரித்து எழுத வேண்டும். மாதக் கடைசியில் குத்துமதிப்பாக நிரப்பினால் தணிக்கையில் மாட்டும்.

பதில் 3: இணைப்பைவிட வருவாய்ப் பக்கச் சீர்திருத்தமே எடுபடும். 2023 முதல் கொலராடோவில் வாகனப் பதிவோடு பூங்கா பாஸும் சேர்ந்தே வருகிறது; தொடங்கியபோது அதன் விலை 29 டாலர். வேண்டாதவர்தான் மறுக்க வேண்டும். அப்போது தனியாக வாங்கினால் ஆண்டு பாஸ் 80 டாலர்.